கிளை நூலகத்தில் கணக்கும் அறிவியலும்: கதையா, சோதனையா, தாயக்கட்டையா?

கோடை விடுமுறை நெருங்கினால் வாசகர் வட்டத்து வாட்ஸப் குழுவில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "இந்த வருஷம் முகாமில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு, அறிவியல் மாதிரி ஏதாவது வைக்கலாமா?" அரை மணி நேரத்தில் யோசனைகள் குவிந்துவிடும். எரிமலை பொங்கும் செயல்விளக்கம் என்பார் ஒருவர். தொலைநோக்கி வைத்திருக்கும் ஆளைத் தெரியும் என்பார் இன்னொருவர். ரோபோ சொல்லித்தரும் ஏதோ ஒரு நிறுவனத்தின் நோட்டீஸைப் படம் பிடித்துப் போடுவார் மூன்றாமவர். கடைசியில் யாருக்கு எந்தத் தேதி தோதுப்படுகிறது என்பதை வைத்து ஒன்று முடிவாகும். முகாம் முடிந்ததும் குழுப் புகைப்படம், சான்றிதழ், பிஸ்கட். அதனால் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்ற பேச்சு எழுவதே இல்லை.

அந்த முடிவை எடுக்க வேண்டிய நூலகருக்கும் வாசகர் வட்டத்துக்காரருக்கும் ஞாயிற்றுக்கிழமை வந்து உதவும் தன்னார்வலருக்கும் இதை எழுதுகிறேன். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு, இடமும் ஆட்களும் உண்டு. நான் பேசுவது அவற்றைப் பற்றி அல்ல. ஒரே நூலகர், நாலைந்து மேசை, நாளிதழ் படிக்க வரும் பெரியவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் என்று இருக்கும் சாதாரணக் கிளை நூலகம் பற்றி. பிள்ளைகளின் வயது நாலு முதல் எட்டு. கையில் இருக்கும் பணம், வட்டத்து உறுப்பினர்கள் ஆளுக்கு இருநூறு போட்டால் சேருகிற தொகை.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரமபதம், பல்லாங்குழி மாதிரி ஆட்டங்களை விரித்து வைத்திருக்கும் விளையாட்டு மேசைக்குத்தான் என் ஓட்டு. கதை நேரம் ஏற்கெனவே நடக்கும் இடமென்றால் அதற்குள்ளேயே கணக்கைக் கொண்டுவரலாம், செலவே இல்லை. பிள்ளைகளே பொருளைத் தொட்டுப் பார்க்கும் சோதனை மேசை மாதம் ஒன்று. மேடையில் ஒருவர் நின்று காட்டும் அறிவியல் காட்சி வருஷத்துக்கு ஒன்று போதும். இந்த வரிசையை ஒப்புக்கொள்ளாதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று தெரியும். எங்கள் வட்டத்திலேயே இருக்கிறார்கள்.

நூலகம் இதை ஏன் செய்ய வேண்டும்?

"பள்ளிக்கூடத்தில்தான் எல்லாம் சொல்லித் தருகிறார்களே" என்பது நியாயமான கேள்வி. அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சோதனைப் பொருள்களோடு போகிறது. ஆக, ஆறு வயதுக் குழந்தைக்கு எண் பயிற்சி வகுப்பறையில் கிடைக்கிறது. பொருளைக் கையில் எடுத்துச் சோதித்துப் பார்க்கும் மன்றம் கிடைக்கப் பல வருஷம் ஆகும். பள்ளியில் சேராத நாலு வயசுக்கு இரண்டும் இல்லை.

பள்ளியிடம் இல்லாத சில வசதிகள் நூலகத்துக்கு உண்டு. நாலு வயசும் எட்டு வயசும் ஒரே மேசையில் உட்காரலாம். தேர்வு கிடையாது. எல்லாவற்றையும்விட முக்கியம், பிள்ளையைக் கூட்டி வந்த அம்மாவோ தாத்தாவோ பக்கத்திலேயே இருப்பார்கள். பயிற்சித் தாளை நகல் எடுத்து நூலகத்திலும் நிரப்பச் சொன்னால் இந்த மூன்று வசதிகளையும் தூக்கி எறிகிறோம் என்று அர்த்தம். எனவே பயிற்சித் தாளை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவே இல்லை.

கணக்குக்கும் நூலகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று முறைப்பவர்களுக்கு ஒரு தகவல். இந்திய நூலகவியலின் தந்தை சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன் கணிதப் பேராசிரியர். 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ என்னும் பொம்மைச் செட்டைப் பார்த்தார். கொஞ்சம் பட்டை, கொஞ்சம் திருகாணி, அவற்றை மாற்றி மாற்றிப் பூட்டினால் விதவிதமான உருவங்கள். புத்தகங்களை வகைப்படுத்த அவர் உருவாக்கிய கோலன் பகுப்பு முறைக்குப் பொறி தட்டியது அங்கேதான். நூலகத்தில் விளையாட்டுச் சாமான் எதற்கு என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லிக்கொள்ளலாம்.

கதை நேரத்துக்குள் கணக்கு

இருப்பதிலேயே செலவு குறைந்த வழி இது. பல நூலகங்களில் ஞாயிறு காலை யாராவது கதை சொல்கிறார்கள். அதில் இரண்டு கேள்வி கூடுதலாகச் சேர்த்தால் முடிந்தது. புத்தகத்துக்கும் பஞ்சமில்லை. பிரதம் புக்ஸ் 2015ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, பதிவிறக்கி அச்செடுக்கலாம். எண், அளவு, வடிவம், செடி, பூச்சி என்று தேடினாலே போதும்.

கேள்வி எப்படிப்பட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பாட்டி வடை சுட்ட கதையையே எடுத்துக்கொள்வோம். "தட்டில் எத்தனை வடை?" என்று கேட்டால் முன்வரிசைப் பிள்ளைகள் "ஆறு" என்று கத்துவார்கள், அதோடு சரி. "காக்கா, நரி, பாட்டி மூணு பேருக்கும் சண்டை வராமல் பிரிச்சுக் கொடுக்கணும், எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒன்று, மறுபடி ஆளுக்கு ஒன்று என்று விரலால் காற்றில் பிரிப்பார்கள். அப்புறம் "பாட்டி இன்னொரு வடை சுட்டுட்டாங்க, இப்போ ஏழு" என்றால் வாக்குவாதம் கிளம்பும். மிச்சம் ஒன்று சுட்டவருக்குத்தான் என்பாள் ஒருத்தி. மூன்றாகப் பிய்க்கலாம் என்பான் ஒருவன். காக்கா ஏற்கெனவே திருடித் தின்றுவிட்டது, அதற்குக் கிடையாது என்று இன்னொரு குரல் வரும். வகுத்தல், மீதி, பின்னம் எல்லாம் பெயர் சொல்லாமலே வந்துவிட்டன.

நாலு வயசில் இன்னொன்றைக் கவனிக்கலாம். படத்தில் உள்ள வடைகளை "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று சரியாகவே தொட்டு எண்ணும் குழந்தையிடம் "சரி, மொத்தம் எத்தனை?" என்று கேட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. திருத்தவே வேண்டாம். அது எண்ணி முடித்ததும் வடைகளைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டு, "அஞ்சு. அஞ்சு வடை இருக்கு" என்று நாம் சொன்னால் போதும். இதைப் பக்கத்தில் இருக்கும் பெற்றோர் பார்க்கிறார்கள் என்பதுதான் லாபம். சிகாகோவில் சூசன் லெவின் குழு, பேச்சு பழகும் வயதுக் குழந்தைகள் இருந்த வீடுகளில் பெற்றோர் பேசுவதை வீட்டுக்கு ஏழரை மணி நேரம் பதிவு செய்தது. அதில் எண் சொற்கள் ஒரு வீட்டில் 4 தடவை வந்தன, இன்னொரு வீட்டில் 257 தடவை. எண் பேச்சு அதிகம் கேட்ட குழந்தைகளுக்கு நாலு வயதை நெருங்கும்போது, எண்ணுக்குப் பொருள் என்ன என்பது நன்றாகப் புரிந்திருந்தது. வீட்டில் பேச்சைக் கூட்ட வேண்டும் என்றால் எப்படிப் பேசுவது என்று ஒரு தடவை கண்ணால் பார்த்தால்தான் வரும்.

குறைகளும் உண்டு. கதைக்கு நடுவே கேள்வி இரண்டைத் தாண்டினால் கதை செத்துவிடும். நரி என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள வந்த பிள்ளை எழுந்து போய்விடும். கூட்டம் முப்பதைத் தாண்டினால் பதில் சொல்வது முன்னால் உட்கார்ந்த ஐந்து பேர் மட்டும்தான். கதை சொல்பவர் வராத வாரம் எதுவும் நடக்காது. அறிவியலுக்கு இது கொஞ்சம் பலவீனமான வழியும்கூட. புழு பட்டாம்பூச்சி ஆவதைப் படத்தில் பார்ப்பதும் கறிவேப்பிலைச் செடியில் இருக்கும் புழுவைப் பார்ப்பதும் ஒன்றல்ல. (கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவை எச்சம் போலவே தோற்றமளிக்கும் புழு கிடைக்கும். வாய் அகன்ற பாட்டிலில் இலையோடு வைத்து, மூடியில் துளை போட்டு, நூலகர் மேசை மேல் வைத்துப் பாருங்கள். நாளிதழ் படிக்க வந்தவர்களும் தினம் எட்டிப் பார்ப்பார்கள்.)

மேடைக் காட்சியும் சோதனை மேசையும்

இரண்டையும் ஒரே பெயரில் அழைக்கிறோம், "அறிவியல் செயல்விளக்கம்" என்று. இரண்டும் வேறு வேறு.

மேடைக் காட்சியில் ஒருவர் நின்று செய்கிறார், அறுபது பேர் பார்க்கிறார்கள். ஆப்ப சோடாவில் வினிகர் ஊற்றிப் பொங்கவைப்பார், பலூனை ஊசியால் குத்தியும் வெடிக்காமல் காட்டுவார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். அன்றைக்குப் புது உறுப்பினர் அட்டை பத்தோ பதினைந்தோ போகும், அதிர்ஷ்டம் இருந்தால் ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலராகச் சேரவும் ஒருவர் முன்வருவார். நூலகத்தின் பக்கமே வராத குடும்பங்களை உள்ளே வரவழைக்க இதைவிட நல்ல உத்தி எனக்குத் தெரியாது. அதற்காக மட்டும் வருஷம் ஒருமுறை வைக்கலாம். ஆனால் ஐந்து வயதுக் குழந்தைக்கு அது மந்திரவாதி வித்தை. சோடா பொங்கியது, அந்த மாமா பொங்கவைத்தார். மறுநாள் கேட்டால் "நுரை வந்துச்சு" என்பதுதான் பதிலாக இருக்கும். ஏன் என்று அது கேட்கவில்லை. கேட்க இடமும் கொடுக்கவில்லை.

சோதனை மேசையில் பொருளைப் பிள்ளைதான் தொடும். ஒரு உதாரணம். அகலமான தொட்டியில் தண்ணீர், பக்கத்தில் தட்டில் ஆரஞ்சுப் பழம், திராட்சை, சாவி, கார்க், காலிக் கண்ணாடி மருந்துக் குப்பி, மெழுகுவத்தி, கூழாங்கல். ஒவ்வொன்றையும் போடுவதற்கு முன் "மிதக்குமா, முங்குமா?" என்று கேட்டு எல்லாரும் கை தூக்க வேண்டும். முன்கூட்டியே கை தூக்குவதுதான் இதன் உயிர். பந்தயம் கட்டியாகிவிட்டதே, இனி விடை தெரியாமல் போக மாட்டார்கள். "கனமா இருந்தா முங்கும்" என்பதுதான் பெரும்பாலான பிள்ளைகளின் விதியாக இருக்கும். பெரிய ஆரஞ்சு மிதக்கும், குட்டித் திராட்சை முங்கும். விதியில் ஓட்டை விழுந்துவிட்டது. இப்போது ஆரஞ்சின் தோலை உரித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். தோல் போனால் கனம் குறைந்திருக்கிறது, ஆனால் பழம் முங்கிவிடும். சத்தம் கூரையைத் தொடும். தோலுக்குள் நிறையக் காற்று இருக்கிறது என்பதை நாம் அந்த நிமிடமே சொல்லத் தேவையில்லை. உரித்த தோலைத் தனியாகத் தண்ணீரில் அமுக்கிப் பார்க்க விட்டால், குமிழி வருவதை யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

இதற்கு விலை இருக்கிறது, பணமாக அல்ல. ஒரு தொட்டிக்கு எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் நிற்க முடியாது. முப்பது பேர் வந்தால் நாலு தொட்டி, நாலு பெரியவர்கள். அப்புறம் தண்ணீர். புத்தக அலமாரிக்கு ஆறடி தூரத்தில் தண்ணீர்த் தொட்டி வைப்பதற்கு எந்த நூலகரும் மனசார ஒப்புக்கொள்ள மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. வராந்தாவோ முற்றமோ இல்லாத நூலகத்தில் இந்தத் தொட்டியைக் கைவிட்டுவிடுவது நல்லது.

தண்ணீர் இல்லாத சோதனைகளும் இருக்கின்றன. காலை பத்து மணிக்கு வாசலில் ஒரு பிள்ளையை நிறுத்தி நிழலைச் சுண்ணக்கட்டியால் வரையுங்கள். கால் வைத்த இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பதினொன்றரைக்கு அதே பிள்ளை, அதே இடம். நிழல் குட்டையாகி, திசையும் மாறியிருக்கும். சாண் கணக்கில் இரண்டையும் அளக்கச் சொன்னால், ஒரே நிழல் உனக்கு எட்டுச் சாண் எனக்கு ஆறு சாண் ஏன் வருகிறது என்ற சண்டையில் அளவுகோலின் அவசியம் வந்து சேரும். கோடை முகாமுக்கு இன்னொரு யோகமும் இருக்கிறது. நிழலில்லா நாள் குமரி முனையில் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் தொடங்கி, நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து, 24ஆம் தேதி வாக்கில் சென்னைக்கு வருகிறது. அன்றைக்கு நண்பகலில், அதாவது பன்னிரண்டைத் தாண்டிச் சில நிமிடங்களில், நேராக நிற்கும் கம்பத்துக்கும் பாட்டிலுக்கும் பக்கவாட்டில் நிழலே விழாது. செலவு பூஜ்யம். உங்கள் ஊருக்கு எந்தத் தேதி என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு பலகையில் எழுதிப் போட்டால் போதும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் கிளை உங்கள் ஊரிலோ பக்கத்திலோ இருந்தால் கேளுங்கள். அவர்கள் 1980லிருந்து இந்த மாதிரி வேலைகளைத்தான் செய்துவருகிறார்கள். அவர்களுடைய துளிர் மாத இதழும் நூலகத்துக்கு வந்தால் நல்லது, எட்டு வயதுக்காரர்களுக்கு உதவும்.

குப்பையிலிருந்து பொம்மை செய்யும் அரவிந்த் குப்தாவின் வழிமுறைகளையும் இந்த வகையில்தான் சேர்ப்பேன். தீக்குச்சியும் சைக்கிள் வால்வ் டியூபும் வைத்து முக்கோணம், சதுரம் செய்வது எனக்கு மிகவும் பிடித்தது. சதுரத்தை அமுக்கினால் சாயும், முக்கோணம் அசையாது. ஆனால் வால்வ் டியூபைச் சின்னத் துண்டாக வெட்டிக் குச்சியைச் செருக ஏழு வயது விரல்கள் வேண்டும். நாலு வயசுக்குக் கொடுத்தால் அழுகைதான் மிஞ்சும். குச்சியில் மருந்தைச் சுரண்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விளையாட்டு மேசை

இதற்கு ஏன் முதலிடம்? ஒரு ஆய்வைச் சொல்லித் தொடங்குகிறேன். அமெரிக்காவில் ராபர்ட் சீக்லர், கீதா ரமணி இருவரும் 2008ல் வெளியிட்டது. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த, பள்ளி செல்லாத வயதுக் குழந்தைகளுக்கு, 1 முதல் 10 வரை ஒரே கோட்டில் கட்டங்கள் போட்ட அட்டையில் காய் நகர்த்தும் விளையாட்டைக் கொடுத்தார்கள். தடவைக்குக் கால் மணி நேரம், இரண்டு வாரத்தில் நாலு தடவை. கூட்டினால் ஒரு மணி நேரம். அதற்குள் எண்களை அடையாளம் காண்பதும், எது பெரிது என்று சொல்வதும், எண்ணுவதும், எண் கோட்டில் ஒரு எண் எங்கே வரும் என்று காட்டுவதும் கூடியது. ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அது நின்றது. எண்ணுக்குப் பதிலாகக் கட்டங்களில் நிறம் மட்டும் இருந்த அட்டையில் விளையாடிய குழந்தைகளிடம் அந்த முன்னேற்றம் இல்லை.

ஒரு மணி நேர ஆட்டத்துக்கு இவ்வளவு பலன் என்றால், ஒரு சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்கிக் கொடுப்பதற்கு என்ன யோசனை? ஆனால் இந்த வகை ஆய்வுகளில் கவனிக்க வேண்டிய நுணுக்கங்கள் இருக்கின்றன. எண்களை வட்டமாக எழுதிய அட்டை, நேர்கோட்டு அட்டை அளவுக்குப் பலன் தரவில்லை. எனவே நாலு வயசுக்குத் தாயக் கட்டத்தை எடுத்தவுடன் நீட்ட வேண்டாம். தாயம் சுற்றிச் சுற்றி உள்ளே போகும், கட்டங்களில் எண்ணும் கிடையாது. அதற்கு முன் பத்துக் கட்டம் கொண்ட நீளப் பட்டை ஒன்றைப் போடுங்கள். பகடையில் ஒன்று, இரண்டு மட்டும் இருந்தால் போதும்.

இன்னொரு நுணுக்கம் பரமபதம் விளையாடுபவர்களுக்கு. காய் 25ல் இருக்கிறது, பகடையில் 3 விழுந்தது. பிள்ளை என்ன சொல்லிக் காயை நகர்த்தும்? "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றுதான். அதற்குப் பதில் கட்டத்தில் உள்ள எண்ணைப் படித்து "இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு" என்று நகர்த்த வேண்டும். நூறு கட்ட அட்டையை வைத்து இதையும் சோதித்திருக்கிறார்கள். கட்டத்து எண்ணைச் சொல்லி நகர்த்தியவர்கள் கற்றுக்கொண்டார்கள், ஒன்றிலிருந்து எண்ணி நகர்த்தியவர்கள் அந்த அளவு கற்கவில்லை. அட்டை ஒன்றுதான், பாம்பும் ஒன்றுதான், வாயில் சொல்வது மட்டும் வேறு. விளையாட்டு மேசையில் பெரியவர் ஒருவர் செய்ய வேண்டிய வேலையே இது ஒன்றுதான். அதைப் பெரிய எழுத்தில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவிட்டால், கூட வந்த தாத்தாவே செய்துவிடுவார்.

ஆறு வயதுக்கு மேல் பல்லாங்குழி. பக்கத்துக்கு ஏழாகப் பதினாலு குழி, குழிக்கு ஐந்து முத்து என்று வைத்துத் தொடங்கலாம். விளையாடப் பழகிய பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதல் நாள் ஏதோ ஒரு குழியை எடுத்து விநியோகிக்கும். கொஞ்ச நாளில் எடுப்பதற்கு முன்னாலேயே கண்ணால் குழிகளைத் தாண்டித் தாண்டிப் போகும், உதடு முணுமுணுக்கும், "இதை எடுத்தா அங்க முடியும், அடுத்தது காலி, அப்போ அதுக்கடுத்தது எனக்கு". மனக்கணக்கு, முன்யோசனை இரண்டையும் இதைவிட மலிவாகச் சொல்லித்தரும் வழி இருந்தால் சொல்லுங்கள். காலிக் குழியைத் தடவும்போது பூஜ்யமும் கைக்குத் தட்டுப்படுகிறது. நாலு சேர்ந்தால் பசு என்று எடுத்துக்கொள்ளும் முறையும் உண்டு. ஊருக்கு ஊர் விதி மாறும், வீட்டுக்கு வீடும் மாறும். பிள்ளைகள் அதற்காகச் சண்டை போட்டு "இன்னிக்கு உங்க வீட்டு ரூல், நாளைக்கு எங்க வீட்டு ரூல்" என்று ஒப்பந்தம் செய்துகொள்வதும் கணக்குதான் என்பேன். ஏழெட்டு வயதுக்கு மேல் ஆடுபுலி ஆட்டம், மூன்று புலி, பதினைந்து ஆடு. அதைத் தரையிலேயே வரைந்துவிடலாம்.

இந்த மேசையின் பெரிய பலம், அது யாரையும் நம்பி இல்லை என்பது. விருந்தாளி வரவில்லை என்றால் காட்சி ரத்து, கதைசொல்லிக்குத் தொண்டை கட்டினால் கதை ரத்து. மேசை மட்டும் நூலகம் திறந்திருக்கும் நாளெல்லாம் இருக்கும். இரண்டு பேர் வந்தாலும் நடக்கும், தாமதமாக வந்தவரும் உட்காரலாம். கூட வந்த பாட்டிகள்தான் இதில் நிபுணர்கள். நூலகத்தில் தனக்கு வேலையே இல்லை என்று வாசலில் உட்கார்ந்திருந்தவர், பல்லாங்குழியைப் பார்த்ததும் உள்ளே வந்து "அப்படி இல்லடா" என்று ஆரம்பித்துவிடுவார். கேட்டு வாங்கிய பயிற்றுநர்கூட அவ்வளவு ஆர்வமாகச் சொல்லித்தர மாட்டார்.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்றும் சொல்லிவிட வேண்டும். முதல் எதிர்ப்பு, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களிடமிருந்து. பகடை சத்தம், "நீ ஏமாத்துற" சத்தம் எல்லாம் உண்மையிலேயே தொந்தரவுதான். தனி அறை இல்லாத இடத்தில் நேரம் பிரிப்பதைத் தவிர வழியில்லை. ஞாயிறு பத்து முதல் பன்னிரண்டு வரை பிள்ளைகளுக்கு என்று பலகையில் எழுதிவிடலாம். பகடைக்கு அடியில் துணி விரித்தால் பாதிச் சத்தம் குறையும். இரண்டாவது எதிர்ப்பு சில பெற்றோரிடமிருந்து: "படிக்கத்தானே அனுப்பினோம், விளையாடவா?" அவர்களுக்கு ஆய்வைச் சொல்லிப் புரியவைப்பதைவிட, மேசையில் உட்காரவைத்து ஒரு ஆட்டம் ஆடவைப்பது சுலபம். மூன்றாவது பாதுகாப்பு. புளியங்கொட்டையும் சோழியும் மூன்று வயதுக்குட்பட்ட தம்பி தங்கைகளின் வாய்க்கும் மூக்குக்கும் போகும். அவர்கள் வரும் நாளில் சோடா மூடி போலப் பெரிய காய்கள் மட்டும். குட்டி உருண்டைக் காந்தங்களும் பொத்தான் பேட்டரியும் எந்த வயதுக்காரர் மேசையிலும் வேண்டாம்.

அறிவியல் இதில் குறைவு என்பது நிஜம். அதனால்தான் சோதனை மேசையையும் மாதம் ஒன்று வைக்கச் சொல்கிறேன்.

பையில் போட்டு வீட்டுக்கு

ஒரு படக்கதை, ஒரு பத்துக் கட்டப் பட்டை, ஒரு பகடை, இரண்டு காய், எப்படி விளையாடுவது என்று அரைப் பக்கம். எல்லாம் ஒரு ஜிப் பையில். புத்தகம் எடுப்பது போலவே இரண்டு வாரத்துக்கு எடுத்துப் போகலாம். யோசனை நல்ல யோசனை. சிகாகோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளின் குடும்பங்களுக்கு, கணக்குக் கேள்வியோடு வரும் குட்டிக் கதைகள் உள்ள ஒரு செயலியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015ல் வந்தது. கணக்கு என்றாலே பயப்படும் பெற்றோரின் பிள்ளைகளுக்குத்தான் அதனால் அதிக லாபம். என்ன பேசுவது என்று கையில் ஒன்று இருந்தால் பயந்த பெற்றோரும் பேசுகிறார்கள்.

சிக்கல் வேறு இடத்தில். நூலகத்தின் இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் தொலைந்தால் நூலகர்தான் பதில் சொல்ல வேண்டும். தணிக்கைக்கு வருபவரிடம் "பகடையை நாய் தூக்கிப் போய்விட்டது" என்று சொல்லும் நிலைக்கு அவரைத் தள்ளக் கூடாது. எனவே பைகள் வாசகர் வட்டத்தின் சொத்தாக இருக்கட்டும், தனி நோட்டில் வரவு செலவு எழுதட்டும். தொலைந்தால் தொலைந்ததுதான். ஐந்து பையில் தொடங்கி, எத்தனை திரும்பி வருகிறது என்று பார்த்துக் கூட்டலாம். மேசையில் ஒரு தடவையாவது விளையாடிய குடும்பத்துக்கு மட்டும் பை கொடுப்பது என்று வைத்துக்கொண்டால், பிரிக்காமலே திரும்பி வரும் பைகள் குறையும்.

மற்றவை

தொலைநோக்கி இரவு: நிலவின் பள்ளங்களையும் சனியின் வளையத்தையும் கண்ணால் பார்ப்பது பெரிய விஷயம். மறுப்பதற்கில்லை. ஆனால் வரிசையில் நாற்பது நிமிடம் நின்று, கண்ணைச் சரியான இடத்தில் வைக்கத் தெரியாமல், "தெரியுதா?" என்றதும் மரியாதைக்காகத் தலையாட்டிவிட்டுப் போகும் ஐந்து வயசுக்காரர்களை யாரும் பார்த்திருக்கலாம். எட்டு வயதுக்கு மேல் வையுங்கள். சின்னவர்களுக்கு நிலவு தினமும் எப்படி மாறுகிறது என்று பதினைந்து நாள் வரைந்து வரச் சொன்னால் போதும்.

ரோபோ, டேப்லெட், நிரலாக்கம்: இந்த வயதுக்கும் இந்தப் பணத்துக்கும் பொருந்தாது. ஒரு டேப்லெட்டைச் சுற்றி ஆறு பிள்ளைகள், தொடுவது ஒருவர். இலவசமாக ஒரு நாள் வந்து காட்டுகிறோம் என்று வரும் நிறுவனங்கள் பெரும்பாலும் பெற்றோரின் கைபேசி எண்ணுக்காக வருகின்றன. வருகைப் பதிவேட்டை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள்.

உங்கள் நூலகத்துக்கு எது?

ஆள் பலத்தை வைத்து முடிவு செய்யுங்கள். பணம் இங்கே இரண்டாம் பட்சம், மேலே சொன்ன எதற்கும் பெரிய செலவில்லை.

நூலகர் மட்டும்தான், உதவிக்கு ஆளில்லை என்றால் விளையாட்டு மேசை ஒன்றைப் போடுங்கள். பத்துக் கட்டப் பட்டை இரண்டு, பரமபதம் ஒன்று, பல்லாங்குழி ஒன்று. இதற்கு மேல் எதையும் தொட வேண்டாம். வாரம் தவறாமல் வரக்கூடிய ஒருவர் கிடைத்தால் மேசையோடு கதை நேரம். அவருக்குக் கணக்கில் பட்டம் தேவையில்லை, குரலும் பொறுமையும் இருந்தால் சரி. மூன்று நாலு பேர் மாதம் ஒரு ஞாயிறு வருவார்கள், வராந்தாவும் இருக்கிறது என்றால் சோதனை மேசை. இவை ஆறு மாதம் நடந்த பிறகு பைகளை யோசிக்கலாம். பெரிய காட்சியை நவம்பரில் தேசிய நூலக வாரத்துக்கு வைத்துக்கொண்டால் கூட்டமும் சேரும், உறுப்பினர் சேர்க்கைக்கும் உதவும். ஆனால் மேசை ஓடத் தொடங்கிய பிறகு வையுங்கள். காட்சியைப் பார்த்துவிட்டு அடுத்த ஞாயிறு வரும் பிள்ளைக்கு நூலகத்தில் செய்வதற்கு ஏதாவது இருக்க வேண்டுமே.

எங்கள் வட்டத்தில் காட்சிதான் முதலில் என்று வாதாடும் நண்பர் ஒருவர் இருக்கிறார். கூட்டம் வந்தால்தான் மற்றதெல்லாம் நடக்கும் என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. யாருமே எட்டிப் பார்க்காத நூலகம் என்றால் அவர் சொல்வதையே கேளுங்கள். அப்படியானால் காட்சி நடக்கும் அதே அறையின் ஓரத்தில் இரண்டு மேசை போட்டு அட்டைகளை விரித்து வைத்துவிடுங்கள். காட்சி முடிந்து பிஸ்கட் கொடுக்கும் நேரத்தில் பிள்ளைகள் அங்கேதான் மொய்ப்பார்கள்.